எஃகு ரசவாதிக்கு ஏன் இரண்டு தொடர்கள்?

‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரை (அனிமே) பார்க்கலாம் என்று தேடிப்போகிற எல்லோரும் முதலில் ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஒரே பெயரில் இரண்டு தொடர்கள் இருக்கும். ஒன்று 2003இல் வந்தது, 51 எபிசோட். மற்றது 2009இல் வந்தது, 64 எபிசோட். இரண்டையும் எடுத்தது போன்ஸ் என்கிற ஒரே ஸ்டூடியோ. மூலம் ஒரே மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. கதை நாயகர்களான சகோதரர்களில் அண்ணனுக்குக் குரல் கொடுத்த பாகு ரோமியும் தம்பிக்குக் குரல் கொடுத்த குகிமியா ரியேவும்கூட மாறவில்லை. ஆனால் பாதி வழியைத் தாண்டியதும் கதை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. வில்லன் வேறு, உலகம் வேறு, முடிவு வேறு. ஜப்பானில் தலைப்பும் இரண்டுக்கும் ஒன்றுதான்: ‘ஹகானே நோ ரென்கின்ஜுட்சுஷி’. தமிழில் ‘எஃகு ரசவாதி’ என்று சொல்லலாம். ‘பிரதர்ஹுட்’ என்பது வெளிநாட்டுக்காரர்கள் குழம்பாமல் இருக்க இரண்டாவதற்கு ஒட்டிய வால்.

முதலாவது தப்பும் தவறுமாக எடுத்தது, இரண்டாவது மங்காவில் உள்ளபடி ஒழுங்காக எடுத்தது என்று ரசிகர்கள் பலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. இரண்டும் ஏன் இப்படிப் பிரிந்தன என்று பார்த்தால், ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள் கிடைத்திருப்பது தெரியும். அதை விளக்க முடிவுகளைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்னும் பார்க்காதவர்கள், திருப்பங்கள் தெரிந்துவிடக்கூடாது என்று நினைத்தால், பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரசவாதம் ஓர் அறிவியலாக வளர்ந்துவிட்ட கற்பனை நாடு அமெஸ்ட்ரிஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஐரோப்பாவைப் போல ரயிலும் தொழிற்சாலையும் ராணுவ ஆட்சியும் உள்ள இடம். அண்ணன் எட்வர்ட், தம்பி அல்போன்ஸ் என்று எல்ரிக் குடும்பத்தில் இரண்டு சிறுவர்கள். அப்பா எங்கோ போய்விட்டார். அம்மா நோயில் இறந்துவிட, அவளை ரசவாதத்தால் திரும்ப உண்டாக்கிவிடலாம் என்று இறங்குகிறார்கள். மனித உடலுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு சரக்குப் பட்டியலே போடுகிறார்கள்: தண்ணீர் 35 லிட்டர், கரி 20 கிலோ, அம்மோனியா 4 லிட்டர், சுண்ணாம்பு ஒன்றரைக் கிலோ, பாஸ்பரஸ் 800 கிராம், உப்பு 250 கிராம், வெடியுப்பு 100 கிராம், கந்தகம் 80 கிராம் என்று போய், இரும்பு 5 கிராம், சிலிக்கான் 3 கிராம் வரை. சின்னப் பையன் கைக்காசில் சந்தையில் வாங்கிவிடக்கூடிய சாமான்கள்தான் இவை, மனிதன் மலிவாகச் செய்யப்பட்டவன் என்று பிறகு எட்வர்டே ஓரிடத்தில் கசந்து சொல்கிறான். முயற்சி படுதோல்வி. அண்ணனுக்கு ஒரு கால் போகிறது. தம்பிக்கு உடம்பே போய்விடுகிறது. தம்பியின் உயிரையாவது ஓர் இரும்புக் கவசத்தில் கட்டிவைக்க அண்ணன் ஒரு கையையும் கொடுக்கிறான். இழந்ததை மீட்க அவர்கள் அலைவதுதான் கதை. எதையாவது பெற வேண்டுமென்றால் அதே மதிப்புள்ள ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்கிற ‘சமமான பரிமாற்றம்’தான் அந்த உலகத்தின் விதி. அந்த விதி உண்மையா என்பதுதான் நான் முன்னே சொன்ன அந்த ஒரே கேள்வி.

இனி கணக்குக்கு வருவோம். அராகாவா ஹிரோமு இந்த மங்காவை ‘மந்த்லி ஷோனென் கங்கன்’ என்ற மாத இதழில் 2001 ஜூலையில் தொடங்கினார். 2010 ஜூனில் முடித்தார். மொத்தம் 108 அத்தியாயங்கள், 27 தொகுதிகள். ஒன்பது வருஷம், வருஷத்துக்குப் பன்னிரண்டு; பெருக்கிப் பாருங்கள், ஒரு மாதம்கூடத் தவறவில்லை. மங்கா உலகத்தில் உடல்நலம் கெட்டு இடைவேளை விடுவது சகஜம் என்பதால் இது சாதாரணச் சங்கதி இல்லை. ஆனாலும் மாத இதழ் என்பது மெதுவான வண்டிதான். முதல் டி.வி. தொடர் 2003 அக்டோபர் 4ஆம் தேதி ஒளிபரப்பாகத் தொடங்கியபோது வெளிவந்திருந்தது 27 அத்தியாயங்கள். 2009 தொடர் 108 அத்தியாயங்களை 64 எபிசோடுகளில் சொன்னது, அதாவது எபிசோடுக்கு ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. அதே வேகத்தில் போனால் 2003இல் கையில் இருந்த கதை 16 எபிசோடுக்குத்தான் வரும். டி.வி. நிலையத்துக்குத் தர வேண்டியதோ ஒரு முழு ஆண்டுக்கான 51.

தொடர் பின்னாலிருந்து மங்காவைத் துரத்திப் பிடித்துவிடும் இந்தச் சிக்கல் அந்தக் காலத்து அனிமேக்களில் புதிதல்ல. அதற்கு வழக்கமாக இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, இழுப்பது: ‘ஒன் பீஸ்’ தொடரில் போகப்போக ஓர் அத்தியாயத்துக்கும் குறைவான கதையை வைத்து ஒரு எபிசோடை ஓட்டினார்கள், முறைத்துப் பார்க்கும் முகங்களிலேயே பாதி நேரம் போய்விடும். இன்னொன்று, மங்காவில் இல்லாத துணைக்கதைகளைச் செருகி நேரம் கடத்துவது. ரசிகர்கள் இதை ஃபில்லர் என்பார்கள். 220 எபிசோட் ஓடிய முதல் ‘நருட்டோ’ தொடரில் 135ஐத் தாண்டிய பிறகு கிட்டத்தட்ட முழுக்க இதுதான். வாரம் ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தவர்களுக்குத் தெரியும்.

போன்ஸ் மூன்றாவது வழியில் போனது. இயக்குநர் மிசுஷிமா செய்ஜியும் கதை அமைப்பைப் பார்த்துக்கொண்ட ஐகாவா ஷோவும் தங்களுக்கென்று ஒரு முடிவைத் தீர்மானித்து, அதை நோக்கி முதலிலிருந்தே கதையை நடத்தினார்கள். இதற்கு அராகாவாவின் ஆசியும் இருந்தது. இரண்டு ஊடகத்திலும் ஒரே முடிவு வேண்டாம் என்று கேட்டவரே அவர்தான். தன் மங்காவை இன்னும் நீட்டி, பாத்திரங்களை நிதானமாக வளர்க்க அவருக்கு இடம் வேண்டியிருந்தது. மூலக்கதையை டி.வி.க்காரர்கள் சிதைத்துவிட்டார்கள் என்று இன்றைக்கும் புலம்புகிறவர்கள் இந்த விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்.

முதலிலிருந்தே முடிவு தெரிந்து எழுதினார்கள் என்பதற்குச் சிறந்த சான்று ஹோமங்குலஸ் பாத்திரங்கள். ஏழு பாவங்களின் பெயரைத் தாங்கிய செயற்கை மனிதர்கள் இவர்கள். மங்காவில் பிற்பாடு தெரியவருவது என்னவென்றால், ‘தந்தை’ என்ற ஒருவன் தனக்குள் இருந்த பேராசை, சோம்பல், கோபம் போன்றவற்றை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்து உருவாக்கியவர்கள் என்பது. 2003 குழுவுக்கு வெளிவந்திருந்த பக்கங்களில் அது இல்லை. அவர்கள் தாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள்: இறந்தவரை எழுப்ப யாராவது முயன்று தோற்கும்போதெல்லாம் ஒரு ஹோமங்குலஸ் பிறக்கிறது. சரி, அப்படியென்றால் எல்ரிக் சகோதரர்கள் அன்றிரவு தரையில் விட்டுவிட்டு ஓடிய அந்த உருவம் என்ன ஆயிற்று? அதுதான் அம்மாவின் முகத்தோடு எதிரில் வந்து நிற்கிறது. அதன் பெயர் சோம்பல். மங்காவில் சோம்பல் என்பது சுரங்கம் தோண்டிக்கொண்டே ‘ஐயோ, சலிப்பு’ என்று முனகும் ஒரு மாமிச மலை. கட்டாயத்தால் பிறந்த கற்பனைதான், ஆனாலும் இந்த இடத்தில் மூலத்தைவிட 2003 தொடர்தான் ஆழமாகப் போகிறது என்பது என் கட்சி. செய்த தவறுக்கு அம்மாவின் முகம் இருந்தால் அதை எப்படிக் கொல்வது?

வேகத்திலும் வித்தியாசம் உண்டு. நீனா என்ற சிறுமியின் கதையைப் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முதல் தொடரில், ராணுவத்துக்கு வேலை செய்யும் ‘அரசு ரசவாதி’ ஆவதற்கான தேர்வுக்காகச் சகோதரர்கள் அவள் வீட்டிலேயே தங்கிப் படிக்கிறார்கள், அவளோடும் அவள் நாயோடும் விளையாடுகிறார்கள், அதற்குப் பிறகுதான் 7ஆவது எபிசோடில், அவள் அப்பாவே அவளையும் நாயையும் சேர்த்து ஒரே மிருகமாக உருமாற்றிவிடும் அந்தக் கொடுமை. இரண்டாவதில் எல்லாம் 4ஆவது எபிசோடுக்குள் தொடங்கி முடிந்துவிடுகிறது. மகளின் போட்டோவை எல்லோர் மூக்கிலும் நீட்டும் ராணுவ அதிகாரி ஹ்யூஸ் முதல் தொடரில் 25ஆவது எபிசோடில் சாகிறார், இரண்டாவதில் 10ஆவதில். முதல் தொடரை ஏற்கெனவே பார்த்தவர்கள்தானே வரப்போகிறார்கள் என்ற நினைப்பில் 2009 குழு தொடக்கத்தை ஓட்டமாக ஓடிக் கடந்தது. புதிதாக வருகிறவருக்கு அந்த ஓட்டத்தில் அழக்கூட நேரம் கிடைக்காது.

ஆனால் இயக்குநர் இரியே யசுஹிரோவின் அந்த இரண்டாவது தொடர் தொடக்கத்தில் மிச்சம் பிடித்த நேரத்தைப் பின்னால் தாராளமாகச் செலவழிக்கிறது. 2009 ஏப்ரல் 5இல் தொடங்கி 2010 ஜூலை 4இல் முடிந்தது. மங்காவின் கடைசி அத்தியாயம் வந்த இதழ் வெளியானது ஜூன் 11இல். இடைவெளி மூன்று வாரம் சொச்சம். அனிமேயின் ஒரு எபிசோடை வரைந்து முடிக்கவே மாதக்கணக்கில் ஆகும் என்பதால், கதை எங்கே போய் நிற்கும் என்று குழுவுக்கு முன்கூட்டியே தெரியாமல் இப்படி ஒரு ஓட்டம் நடந்திருக்க முடியாது. அந்த மாத இதழ் கடைகளில் விற்றுத் தீர்ந்துபோய், கடைசி அத்தியாயத்தை இன்னோர் இதழில் மறுபடி அச்சிட வேண்டிவந்தது.

இரண்டாவது தொடரைப் புரிந்துகொள்ள அராகாவா பிறந்த ஊரைத் தெரிந்துகொள்வது உதவும். 1973இல் ஹொக்கைடோ தீவின் டொகாச்சி சமவெளியில், ஒரு பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். விவசாயப் பள்ளியில் படித்து, பண்ணையிலேயே ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டுத்தான் 1999இல் டோக்கியோவுக்கு வண்டி ஏறினார். இயற்பெயர் ஹிரோமி. ஆண் பெயர்போல ஒலிக்கும் ஹிரோமு என்பது புனைபெயர். தன்னை வரைய வேண்டிவந்தால் கண்ணாடி போட்ட பசுமாடாகத்தான் வரைந்துகொள்வார். ‘உழைக்காதவனுக்குச் சோறில்லை’ என்பது அவர் வீட்டுச் சட்டம். சமமான பரிமாற்றம் என்ற விதிக்கு அந்தத் தொழுவத்துச் சாணி வாசம் உண்டு என்று சொன்னால் அவரே கோபித்துக்கொள்ள மாட்டார்.

சகோதரர்களின் குரு இசுமி, பயிற்சி என்ற பெயரில் அவர்களை ஒரு கத்தியோடு ஆளில்லாத தீவில் ஒரு மாதம் விட்டுவிட்டுப் போகும் பகுதியைப் பாருங்கள். பசியில் சுருண்டு கிடந்து, பிடித்த முயலை நரியிடம் பறிகொடுத்து, கடைசியில் எறும்பைத் தின்றுகொண்டிருக்கும்போது எட்வர்டுக்குப் புரிகிறது. தான் செத்தால் உலகம் நிற்காது. தன் உடம்பு மக்கி, புல்லுக்கு உரமாகி, புல்லை முயல் தின்று, முயலை நரி தின்று, எல்லாம் நடந்துகொண்டே இருக்கும். ‘ஒன்றே எல்லாம், எல்லாமும் ஒன்றே’ என்று தத்துவமாகச் சொல்லப்படுவது, கன்றுக்குட்டி பிறப்பதையும் அதே மாடு இறைச்சிக்குப் போவதையும் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவருக்கு அன்றாட விஷயம்.

அதைவிட முக்கியமானது இஷ்வால். அமெஸ்ட்ரிஸ் ராணுவம், ஒரு வீரன் குழந்தையைச் சுட்டுக் கொன்றதில் வெடித்த கலவரத்தைச் சாக்காக வைத்து, கறுத்த தோலும் சிவந்த கண்ணும் கொண்ட இஷ்வால் மக்களை ஏறக்குறைய இல்லாமலேயே ஆக்கிவிடுகிறது. அதற்கு ஆயுதமாகப் பயன்பட்டவர்கள் அரசு ரசவாதிகள். நாம் மிகவும் நேசிக்கிற ராணுவ அதிகாரிகள் மஸ்டாங்கும் ஹாக்கையும் அங்கே கைகளில் ரத்தம் பட்டவர்கள்தான்.

ஹொக்கைடோ, ஐனு என்ற ஆதிக்குடிகளின் நிலம். 1869இல் மெய்ஜி அரசு அந்தத் தீவுக்குப் பெயர் மாற்றியது; சில வருஷங்களில் வீரர்களையே விவசாயிகளாகக் குடியேற்றத் தொடங்கியது. 1899இல் ‘முன்னாள் பூர்வகுடிகள் பாதுகாப்புச் சட்டம்’ என்று ஒன்றைப் போட்டு, வேட்டையும் மீன்பிடியுமாக வாழ்ந்தவர்களை உழச்சொன்னது. பெயரில் மட்டும் பாதுகாப்பு. அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 1997இல். ஐனுக்களைப் பூர்வகுடிகள் என்று ஜப்பானியச் சட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்டது 2019இல். தன் முன்னோர் அப்படிக் குடியேறி ஐனுக்களின் நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் என்பதை அராகாவா பேட்டியில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இஷ்வால் மக்களை உருவாக்கியபோது ஐனுக்கள் அவர் மனதில் இருந்தார்கள். போர்க் காட்சிகளுக்காக இரண்டாம் உலகப்போரில் களத்துக்குப் போய்வந்த முதியவர்களிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். இஷ்வால் பகுதியில் ‘நல்லவர்கள்’ பக்கத்திலிருந்து குற்றம் பேசப்படுவதற்கான காரணம் இங்கே இருக்கிறது. அவர் எழுதுவது பறிகொடுத்தவரின் கதையை அல்ல, பறித்தவரின் பேத்தியாக நின்று எழுதும் கதை.

இந்த இடத்தில் இரண்டு தொடர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சுவாரஸ்யம். எட்வர்டின் தோழி வின்ரியின் பெற்றோர் மருத்துவர்கள். இஷ்வாலில் இரு தரப்புக்கும் வைத்தியம் பார்த்தவர்கள். முதல் தொடரில் அவர்களைச் சுட்டுக் கொல்வது மஸ்டாங், மேலிடத்து உத்தரவின்பேரில். மங்காவிலும் இரண்டாவது தொடரிலும் கொல்வது ஸ்கார், அவர்கள் காப்பாற்றிய அதே இஷ்வால் நோயாளி, நினைவு திரும்பும்போது எதிரே அமெஸ்ட்ரிஸ் முகங்களைக் கண்ட வெறியில். முதலாவது, கீழ்ப்படிவதைப் பற்றிய கேள்வி. இரண்டாவது அதைவிடச் சிக்கலானது: பாதிக்கப்பட்டவனும் ஒரு குழந்தையை அநாதையாக்கியிருக்கிறான், இனி யார் யாரை எப்படி எதிர்கொள்வது? பின்னொரு நாள் வின்ரி அதே ஸ்காரின் காயத்துக்குக் கட்டுப் போடுகிறாள். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே என்று சொல்லிக்கொண்டே கட்டுகிறாள். இந்தக் காட்சிக்காகவே 64 எபிசோட் பார்க்கலாம்.

ரசவாதத்தைப் பற்றியும் கொஞ்சம். அராகாவா ஏட்டுச் சரக்கை நன்றாகவே துழாவியிருக்கிறார். எட்வர்டின் சிவப்புக் கோட்டின் முதுகில் இருக்கும், சிலுவையில் பாம்பு சுற்றிய சின்னம், 1418இல் இறந்த பாரிஸ் எழுத்தர் நிக்கோலா ஃப்ளமேலின் பெயரோடு ஒட்டிக்கொண்ட சின்னம். எட்வர்டின் அப்பாவின் பெயர் வான் ஹோஹன்ஹைம். பாராசெல்சஸ் என்று உலகம் அறிந்த பதினாறாம் நூற்றாண்டு மருத்துவரின் குடும்பப் பெயர் அது. குடுவைக்குள் குட்டி மனிதனை வளர்க்கும் செய்முறை அவர் பெயரில்தான் உலவுகிறது. கதையிலும் குடுவைக்குள் இருக்கும் ஒரு குட்டி உருவம், எண் மட்டுமே உள்ள ஓர் அடிமைக்குப் பெயர் வைக்கிறது. முதலில் தியோஃப்ராஸ்டஸ் பொம்பாஸ்டஸ் என்று சொல்ல, அவ்வளவு நீளம் நினைவில் நிற்காது என்று அவன் சொன்னதும் வான் ஹோஹன்ஹைம் என்று சுருக்கிக்கொள்கிறது. பாராசெல்சஸின் முழுப்பெயர் தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம். கிழக்கே ஷிங் என்ற நாட்டில் இருக்கும் வித்தைக்கு வேறு சொல்: மேற்கே ‘ரென்கின்’, பொன் புடமிடுவது, கிழக்கே ‘ரென்டான்’, மருந்து புடமிடுவது. இந்த ‘டான்’ என்ற எழுத்து சாதிலிங்கத்தைக் குறிப்பது. பாதரசத்தின் தாது அது. நம் ரசவாதத்தில் உள்ள ‘ரச’மும் பாதரசம்தான் என்பதால் தமிழ் வாசகருக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும். சாகாமைக்கு மருந்து தேடியவர்களும் பொன் தேடியவர்களும் ஒரே உலையைத்தான் ஊதியிருக்கிறார்கள்.

சரி, அந்த விதிக்கு வருவோம். சமமான பரிமாற்றம் உண்மையா? 2003 தொடரின் வில்லி டான்டே, கடைசியில் எட்வர்டிடம் அந்த அரசுத் தேர்வை நினைவுபடுத்துகிறாள். உன்னைவிடக் கடுமையாக உழைத்துப் படித்தும் தேறாதவர்கள் அங்கே இருந்தார்களே, அவர்கள் கொடுத்ததற்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறாள். எட்வர்டிடம் பதில் இல்லை. பதில் இல்லாமலேயே அந்த விதியை நம்பி, தம்பிக்காகத் தன்னையே கொடுக்கிறான். தம்பி உடம்போடு திரும்புகிறான், ஆனால் அண்ணனோடு அலைந்த வருஷங்களின் நினைவு எதுவும் இல்லை. அண்ணன், இரண்டு உலகங்களை இணைக்கும் ஒரு வாசலுக்கு அப்பால், நம்முடைய உலகத்தில், முதல் உலகப்போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் கிடக்கிறான். 2005இல் வந்த திரைப்படம் அங்கிருந்து, 1923 மியூனிக்கில், நாஜிகளின் அரும்பு விடும் காலத்தில் தொடர்கிறது. கொடுத்ததற்கு ஈடு கிடைக்கும் என்று உலகம் யாருக்கும் எழுதித் தரவில்லை என்பதை அது கடைசிவரை விடாமல் சொல்கிறது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் குழந்தைகளும் பார்க்கும் நேரத்தில் இதைக் காட்டியிருக்கிறார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

அராகாவாவின் முடிவு வேறு. தம்பியை மீட்க எட்வர்ட் கொடுப்பது தன் ரசவாதத் திறமை மொத்தத்தையும். மறுபடி ஒருபோதும் அவனால் ஒரு சின்னப் பொம்மையைக்கூட உருமாற்ற முடியாது. அவனோ, ரசவாதம் இல்லாவிட்டாலும் எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்கிறான். விதிப்படி பார்த்தால் இதுவும் பரிமாற்றம்தான். ஆனால் அதற்குப் பிறகு தம்பி ஒரு திருத்தம் கொண்டுவருகிறான்: பத்து வாங்கினால் பத்தைத் திருப்பிக் கொடுப்பது சமம், பத்தோடு நம்முடைய ஒன்றைச் சேர்த்துப் பதினொன்றாக அடுத்தவருக்குக் கொடுத்தால் என்ன? பண்ணைவீட்டுக் கணக்கு இது. விதைத்ததற்கு மேல் விளைந்தால்தானே அடுத்த போகத்துக்கு வரும்.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், வந்த வரிசையிலேயே பாருங்கள் என்பேன். நீனாவையும் ஹ்யூஸையும் 2003இல் பழகிவிட்டுப் போனால் 2009இன் ஓட்டம் உறுத்தாது. நேரமில்லாதவர்கள் இரண்டாவதை மட்டும் பார்க்கலாம், கதை முழுமையாகக் கிடைத்துவிடும். எப்படியும் கடைசி எபிசோடின் ரயில் நிலையத்தைத் தவறவிடக்கூடாது. எட்வர்ட் காதலைச் சொல்ல நாக்குளறி, ‘சமமான பரிமாற்றம்! என் வாழ்க்கையில் பாதி தருகிறேன், உன் வாழ்க்கையில் பாதி கொடு’ என்று வின்ரியிடம் கத்துகிறான். இந்த ரசவாதிகளுக்கு எதற்கெடுத்தாலும் பரிமாற்றம்தானா, பாதி என்ன பாதி, முழுசையும் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, முகம் சிவந்து, கொஞ்சம் யோசித்து, பேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து 85 சதவீதத்தில் நிற்கிறாள் அவள். எட்வர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.